சாமையும் பதினான்கு மாத்திரையும்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய கடைகளில் தேன் பாட்டில்தான் முன்வரிசை. அடுத்து சாமை அரிசிப் பொட்டலம், புளி, கடுக்காய், நெல்லிப் பொடி. சனி, ஞாயிறுகளில் வேலூர், ஆரணி, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து கார்கள் ஏறி வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் விலை கேட்பதற்கு முன்பே வியாதியைச் சொல்லிவிடுவார்கள். முன்பெல்லாம் நான் அதிகம் கேட்டது "சுகருக்கு என்ன இருக்கு?" என்ற கேள்வி. சென்ற முறை போனபோது காதில் விழுந்தது வேறு.

"கொழுப்புக்கு எதுங்க நல்லது?"

"நெல்லிப் பொடி எடுத்துக்குங்க சார். காலையில வெறும் வயித்துல. தேன்ல குழைச்சு சாப்பிட்டா இன்னும் நல்லது."

கேட்டவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு எட்டிப் பார்த்தது. அந்தச் சீட்டில் உள்ள எண்களை எது ஏற்றுகிறது, எது இறக்குகிறது, இறக்கினால் உயிருக்கு நல்லதா என்று அவரிடம் உட்கார்ந்து பேச ஆசையாக இருந்தது. அவர் அருவி பார்க்கும் அவசரத்தில் இருந்தார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் தனி ஆள் இல்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு, எல்.டி.எல்., எச்.டி.எல். ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது சரியில்லாதவர்கள் 79 சதவீதம். மொத்தக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். நம்மூர்க் கோளாறு வேறு மாதிரி: 'நல்ல' கொழுப்பான எச்.டி.எல். 72.3 சதவீதம் பேருக்குக் குறைவு, டிரைகிளிசரைடு 29.5 சதவீதம் பேருக்கு அதிகம். வெண்ணெயும் இறைச்சியும் தின்று கொழுத்த நாட்டின் படம் இல்லை இது. மூன்று வேளையும் வெள்ளை அரிசியோ மைதாவோ தின்று, உட்கார்ந்தே இருக்கிற நாட்டின் படம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். ரத்தத்துக்குள் அந்தக் கணக்கு செல்லாது. ஒல்லிக்குச்சியாக இருப்பவரின் சீட்டிலும் சிவப்பு மையில் எண் வரும்.

எண் எப்படி ஏறுகிறது? கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சோற்றிலிருந்து வருவதில்லை, உடம்பே செய்கிறது. அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. அந்தக் கல்லீரல் செல்களின் மேல்புறத்தில் கொக்கி மாதிரி சில புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் மிதந்து வரும் 'கெட்ட' கொழுப்பான எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது அவற்றின் வேலை. இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொக்கி அதிகமானால் ரத்தத்தில் எல்.டி.எல். குறையும், கொக்கி குறைந்தால் ஏறும். மாத்திரை, ஹார்மோன், பாமாயில், சாமைத் தவிடு என்று பேசப்போகிற பலவும் கடைசியில் இந்தக் கொக்கியில்தான் வந்து நிற்கும்.

என் பெரியம்மா கதையைச் சொன்னால் இது விளங்கும். அறுபதைத் தொடும்போது அவருக்கு எல்.டி.எல். ஒரேயடியாக ஏறியது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கூடவே கை கால் அசதி, மலச்சிக்கல், எடை. எல்லாம் வயசுக் கோளாறு என்றார் முதலில் பார்த்த மருத்துவர். பெரியம்மாவும் மாத்திரையை நிறுத்திவிட்டு, நான் இதே மலையிலிருந்து வாங்கிப் போன நெல்லிப் பொடியைத் தின்ன ஆரம்பித்தார். அடுத்து வேறொரு மருத்துவர் தைராய்டு பரிசோதனை எழுதினார். சுரப்பி தூங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. தைராக்சின் மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் அசதியும் போனது, எல்.டி.எல்.லும் பெருமளவு இறங்கியது. தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு இருந்தால்தான் கல்லீரல் தன் கொக்கிகளைச் செய்யும். ஹார்மோன் வற்றினால் கொக்கியும் வற்றும். பெரியம்மா இன்றுவரை அந்தப் புகழை நெல்லிப் பொடிக்குத்தான் கொடுக்கிறார். நானும் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

வாதாட வேண்டிய இடம் வேறு. இந்திய நகரங்கள் எட்டில் எடுத்த ஓர் ஆய்வில் (2013) வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் தைராய்டு குறைபாடு இருந்தது. ஆனாலும் கொழுப்புப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த கையோடு தைராய்டையும் பார்க்கச் சொல்வது பல இடங்களில் இன்னும் வழக்கமாகவில்லை. காரணம் தைராய்டாக இருக்கும்போது கொழுப்பு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நோய் மறைந்து நிற்கும். போதாததற்கு, தைராய்டு குறைந்தவர்களுக்கு அந்த மாத்திரையால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடுதல்.

பெண்களின் கணக்கில் இன்னொரு ஹார்மோனும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை எல்.டி.எல். பொதுவாகத் தாழ்ந்தும் எச்.டி.எல். உயர்ந்தும் இருக்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி எல்.டி.எல். ஏறத் தொடங்கும். கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் ஏறுவது இயல்பு; அப்போது எடுத்த சீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஹார்மோன் குறைந்தால் எண் ஏறுகிறது என்றால், ஹார்மோனைக் கொடுத்தே இறக்கிவிடலாமே? இந்த யோசனை அமெரிக்க மருத்துவர்களுக்கும் வந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 8,341 ஆண்களை வைத்து 1966-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு பிரிவினருக்கு ஈஸ்ட்ரோஜன். ஒரு பிரிவினருக்கு தைராய்டு ஹார்மோனின் உறவுக்கார மருந்தான டெக்ஸ்ட்ரோதைராக்சின். டெக்ஸ்ட்ரோதைராக்சின் பிரிவில் கொலஸ்ட்ரால் இறங்கியது, சாவு ஏறியது. 1971-இல் அந்தப் பிரிவை நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அதிக அளவு ஈஸ்ட்ரோஜன் கொடுத்த பிரிவையும், மாரடைப்பும் ரத்தக்கட்டும் கூடியதால், நிறுத்த வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வதாக இருந்தால் மேலே உள்ளதை வெட்டி வையுங்கள். எண் இறங்கியது என்பது ஒரு செய்தி. இதயம் பிழைத்தது என்பது வேறு செய்தி. முதலாவதை ஆய்வகச் சீட்டு சொல்லும். இரண்டாவதைச் சொல்ல ஆயிரக்கணக்கானோரை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். அந்த வேலையைச் செய்யாமலே பேசுகிறவர்கள்தான் யூடியூபில் அதிகம்.

பெரிய கம்பெனிகளும் இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. எச்.டி.எல்.லை உயர்த்தும் டோர்செட்ராபிப் என்ற மருந்தை ஃபைசர் நிறுவனம் 15,067 பேரிடம் சோதித்தது. எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது, எல்.டி.எல்.லும் கால் பங்கு இறங்கியது. சீட்டை மட்டும் பார்த்தால் கொண்டாட வேண்டிய மருந்து. அதைச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். 2006 டிசம்பரில் ஆய்வையும் மருந்தையும் சேர்த்தே கைவிட்டார்கள்.

எண், இதயம் என்ற இரண்டு பரீட்சையிலும் தேறிய மருந்து எது? அங்கேதான் கதையில் ஓர் அரிசிக்கடை வருகிறது.

அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1971-இல் பூஞ்சைகளைத் துழாவ ஆரம்பித்தார். தன்னோடு போட்டியிடும் நுண்ணுயிர்களை ஒழிக்க, அவை கொலஸ்ட்ரால் மாதிரிப் பொருள் செய்வதைத் தடுக்கும் நஞ்சை ஏதாவது ஒரு பூஞ்சை வைத்திருக்கும் என்பது அவர் யூகம். சுமார் 6,000 வகைகளைச் சோதித்தார். 1973-இல், கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து கிடைத்தது முதல் ஸ்டாடின். வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாடின் 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் எல்லாம் அந்த வம்சம்தான். இவை ஆய்வகத்தில் செய்தவை. 'இங்கிலீஷ் மருந்து ரசாயனம், மூலிகை இயற்கை' என்று கோடு கிழிப்பவர்கள் அந்தப் பூஞ்சை பிடித்த அரிசியை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

ஸ்டாடின் கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. சரக்கு போதாத கல்லீரல், ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளக் கூடுதலாகக் கொக்கிகளை நீட்டுகிறது. எல்.டி.எல். 30 முதல் 50 சதவீதம் வரை இறங்குகிறது. இது முதல் பரீட்சை. இரண்டாவதை ஸ்காண்டிநேவிய நாடுகள் நடத்தி, 1994-இல் முடிவை வெளியிட்டன. இதய நோயுள்ள 4,444 பேரில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்தரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் வெற்று மாத்திரைக்காரர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர்.

பக்க விளைவு இல்லையா என்றால், உண்டு. சிலருக்குத் தசைவலி வரும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களைச் சற்றே அந்தப் பக்கம் தள்ளும். ஆனால் பயம் மருந்தைவிடப் பெரிது. ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேருக்கு பிரிட்டனில் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாடின் மாதத்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் வந்தது. 2020-இல் வெளியான முடிவு இது. வலி பொய் இல்லை. வலிக்குக் காரணம் என்று நினைத்ததுதான் பொய்.

ஜப்பானின் அரிசிக் கதைக்கு ஒரு சோகமான பிற்சேர்க்கை உண்டு. சிவப்புப் பூஞ்சை அரிசி என்று கிழக்காசியாவில் ஒரு பழைய உணவு உண்டு. அதில் இயல்பாகவே லோவாஸ்டாடின் இருக்கிறது. 'இயற்கையான கொழுப்புக் குறைப்பான்' என்ற பெயரில் அதை மாத்திரையாக்கி விற்றார்கள். 2024 மார்ச்சில் ஜப்பானின் கோபயாஷி நிறுவனம் தன் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. தயாரிப்பின்போது வேறொரு பூஞ்சை நுழைந்து அதன் நஞ்சு கலந்ததில் பலரின் சிறுநீரகம் கெட்டிருந்தது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அகிரா எண்டோ தன் தொண்ணூறாவது வயதில் காலமானார்.

நம் நாட்டுச் சரக்கு ஒன்றும் இந்தப் பரீட்சைக்குப் போயிருக்கிறது. ராஜஸ்தான், குஜராத் வறண்ட காடுகளில் வளரும் குக்குலு மரத்தின் பிசின். ஜி.வி. சத்யவதி காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1966-இல் அதை ஆராய்ந்து, முயல்களில் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்று காட்டினார். சுஸ்ருத சம்ஹிதையின் குறிப்பிலிருந்து தொடங்கிய ஆய்வு அது. பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதை மருந்தாக்கியது. 1980-களின் பிற்பகுதியில் கடைக்கு வந்தது. பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் சோதித்தபோது குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். இறங்குவதற்குப் பதில் நாலைந்து சதவீதம் ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பு வந்தது. அமெரிக்கச் சாப்பாட்டில் வேலை செய்யவில்லை, நம்மூர்ச் சாப்பாட்டில் செய்யும் என்று வாதிடுபவர்கள் உண்டு. வாதிடட்டும், ஆனால் இங்கே அதே கண்டிப்போடு ஒரு பெரிய ஆய்வு நடத்திக் காட்டட்டும். இதற்கிடையில் பிசினுக்காகக் கீறிக் கீறி, அந்த மரம் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஜவ்வாது மலைக்குத் திரும்புவோம். கடுக்காய் இங்கிருந்து இறங்கியது வயிற்றுக்காக மட்டுமில்லை. தோல் பதனிடவும் கடுக்காய்தான் வேண்டியிருந்தது. அதே துவர்ப்புப் பொருளுக்கு எலிகளின் கொழுப்பைக் குறைக்கும் குணம் தெரிந்திருக்கிறது. மனிதரில் பெரிய சான்று இல்லை. நெல்லிக்குச் சிறு சிறு மனித ஆய்வுகள் இருக்கின்றன, எண் ஓரளவு இறங்கியிருக்கிறது. இரண்டாம் பரீட்சையை அது இன்னும் எழுதவில்லை. பூண்டு? ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், எல்.டி.எல். அசையவில்லை. 2022-இல் இன்னொரு ஆய்வு மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்புப் பூஞ்சை அரிசி ஆகிய ஆறையும் மிகக் குறைந்த அளவு ரோசுவாஸ்டாடினோடு 28 நாள் ஓட்டப்பந்தயம் விட்டது. ஐந்து மில்லிகிராம் மாத்திரை எல்.டி.எல்.லை 37.9 சதவீதம் இறக்கியது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தெளிவாக முந்தவில்லை.

தேனைப் பற்றி ஒரு வார்த்தை. ஜவ்வாது மலைத் தேன் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கொழுப்பைக் கரைக்கும் என்பது கட்டுக்கதை. தேன் பெரும்பாலும் சர்க்கரை. டிரைகிளிசரைடு ஏறியவர் தினமும் கரண்டி கரண்டியாகக் குடித்தால் அது மேலும் ஏறவே வழி.

மலையில் உண்மையிலேயே மதிப்புள்ளது பொடிக் கடையில் இல்லை. சாமைக் கொல்லையில் இருக்கிறது. ஹைதராபாத்தின் இக்ரிசாட் நிறுவனம் தலைமையேற்ற ஆய்வுக்குழு, கிட்டத்தட்ட 900 பேர் பங்கேற்ற 19 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியிட்டது. சாமை, தினை போன்ற சிறுதானியங்களைச் சில வாரங்களிலிருந்து நான்கு மாதம் வரை சாப்பிட்டவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 8 சதவீதம் இறங்கியது, எல்.டி.எல்.லும் டிரைகிளிசரைடும் ஏறக்குறைய 10 சதவீதம். மாத்திரைக்கு முன் இது சிறிய எண்தான். ஆனால் பொடிக் கடையில் இந்த அளவுக்குச் சான்று உள்ள சரக்கு எனக்குத் தெரிந்து இல்லை. தவிட்டில் உள்ள நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. இழந்த பித்தத்தை ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கிறது, கொக்கியை நீட்டுகிறது.

கவனியுங்கள், தவிட்டில். கடையில் பளபளவென்று வெள்ளையாக இருக்கும் சாமை தீட்டியது. அதில் தவிடு போய்விட்டது. அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தீட்டாத சாமை பழுப்பாக, மங்கலாக இருக்கும். தவிட்டு எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறலடிக்கும். கடைக்காரருக்கு நஷ்டம், அதனால் தீட்டுகிறார்கள். மலைக்காரர்கள் ஏன் சாமையை விட்டார்கள் என்பதற்கு உமிதான் காரணம். உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து ஒரு வேளைச் சோற்றுக்குச் சாமை எடுப்பது பெண்களின் தோள் கழன்றுபோகும் வேலை. ரேஷன் அரிசி இலவசமாக வந்தபோது அந்த உலக்கையைக் கீழே வைத்தவர்களைக் குறை சொல்ல கீழே உட்கார்ந்து எழுதுகிற எனக்கு உரிமையில்லை. திருவண்ணாமலை அருகே அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம் ஏ.டி.எல். 1 என்ற நல்ல சாமை ரகத்தைத் தந்திருக்கிறது. ரகம் மட்டும் போதாது, ஊருக்கு ஊர் உமி நீக்கும் இயந்திரம் வேண்டும்.

ரேஷன் கடையில் அரிசியோடு இன்னொன்றும் வருகிறது: லிட்டர் 25 ரூபாய் பாமாயில். அதில் கிட்டத்தட்டப் பாதி செறிவுற்ற கொழுப்பு. அந்தக் கொழுப்பு கல்லீரலின் கொக்கியைக் குறைக்கிறது. சாமை நீட்டும் கொக்கியை பாமாயில் மடக்குகிறது. மலையில் விளையும் தானியத்தை கீழே இருப்பவர் மருந்தென்று வாங்கிப் போகிறார். கீழிருந்து போகும் அரிசியையும் எண்ணெயையும் மலைக்காரர் சாப்பிடுகிறார். அரசு ரேஷனில் கடலை எண்ணெய் கொடுத்தால் உழவருக்கும் நல்லது, ரத்தக்குழாய்க்கும் நல்லது.

வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்துகளும் எண்ணைக் கலைக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் நாள்கணக்கில் சாப்பிடும் பிரெட்னிசோலோன், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மனநோய்க்கான ஒலான்சபின், உறுப்பு மாற்றியவர்களின் சைக்ளோஸ்போரின் எல்லாம் கொழுப்பை ஏற்றக்கூடியவை. உடற்பயிற்சிக் கூடத்தில் கைமாறும் அனபாலிக் ஸ்டீராய்டு எச்.டி.எல்.லைப் பாதாளத்துக்கு இறக்கும். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இது தேவையா? மூட்டுவலிக்கு 'மூலிகை' என்று விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை ஆய்வகங்கள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. வலி இரண்டே நாளில் மாயமாகிவிட்டால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக மலைப்பாதை. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்க சுமார் 40 கிலோமீட்டர், பாதி தூரம் வளைவு. மாரடைப்பு வந்தவருக்கு அது நீண்ட பயணம். தமிழக அரசு 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் பதினான்கு மாத்திரைகளை வைத்தது: ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் 8. நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, வியர்வை என்றால் வாயுத்தொல்லை என்று இஞ்சிக் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். முதலில் அந்த நிலையத்துக்குப் போங்கள்.

நெல்லிப் பொடி வாங்கிய அந்த அண்ணனுக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை, பொடி, லேகியம், தேன் பாட்டில், ஜிம்மில் கொடுத்த டப்பா எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் கொட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தைராய்டு பார்த்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள். மலைக்கு வந்தால் பழுப்புச் சாமையைக் கேட்டு வாங்குங்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடச் சொன்னால் பேரம் பேசாதீர்கள்.